உப்புநீரில் மிதந்து வரும் புழுமுட்டை

புறா வளர்ப்பவர்கள் இருவர் சேர்ந்தால் ஜோடி, குஞ்சு, தீனி என்று போகிற பேச்சில் “பூச்சி மருந்து கொடுத்தாச்சா?” என்ற கேள்வி தப்பாமல் வந்துவிடும். லவ் பேர்ட்ஸ், காக்டெயில் வைத்திருப்பவர்களிடமும் இதே வழக்கம் உண்டு. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடையில் வாங்கிய மருந்தைக் குடிநீரில் கலந்து வைத்துவிட்டால் வேலை முடிந்தது. பறவையின் வயிற்றில் புழு இருக்கிறதா, இருந்தால் அது எந்தப் புழு, கையில் இருக்கும் மருந்து அதைக் கொல்லுமா என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வழியில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். வழி இருக்கிறது. கல்லுப்பு, தண்ணீர், ஒரு சிறு குழாய், நூறு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு மைக்ரோஸ்கோப் இவ்வளவும் இருந்தால், எச்சத்தை வீட்டிலேயே சோதித்து முதல் இரண்டு கேள்விகளுக்குப் பெருமளவு விடை கண்டுவிடலாம்.

இதில் எனக்கு இருக்கும் கவலை புழுவைவிட மருந்தைப் பற்றியது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆடு மாடுகளுக்கும் கொடுக்கப்படும் அல்பெண்டசோலும், அதே குடும்பத்தைச் சேர்ந்த பென்பெண்டசோலும் புறாக்களுக்கு ஆபத்தாக முடியலாம் என்பது பறவை மருத்துவ ஆய்விதழ்களில் 2002-இலேயே பதிவாகிவிட்டது. இந்த மருந்துகள் புழுவின் செல்லுக்குள் இருக்கும் டியூபுலின் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கின்றன. அந்தப் புரதத்தால் கட்டப்படும் நுண்குழல்கள் இல்லாவிட்டால் செல்லுக்குள் உணவுப் போக்குவரத்தும் நடக்காது, செல் இரண்டாகப் பிரியவும் முடியாது. புழு பட்டினியில் சாகிறது. நம் உடலின் டியூபுலினை மருந்து அவ்வளவாகப் பற்றுவதில்லை என்பதால் நமக்குத் தீங்கில்லை. புறாவிடம் அந்தப் பாதுகாப்பு மெலிந்துபோகிறது. ஓயாமல் செல் பிரிந்துகொண்டிருக்கும் இடங்களான எலும்பு மஜ்ஜையிலும் குடலின் உட்சுவரிலும் அடி விழுகிறது. வெள்ளணுக்கள் சரிகின்றன, குடற்சுவர் சிதைகிறது. இறகு உதிர்ந்து புதிது முளைக்கும் காலத்தில் கொடுத்தால் முளைக்கிற இறகே கோணலாகிப் போவதும் உண்டு. மருந்து கொடுத்த சில நாட்களில் நல்ல பறவை தலையைத் தொங்கப்போட்டுச் சாகும்போது, புழு முற்றிவிட்டது என்றுதான் வளர்த்தவர் நினைப்பார்.

குடிநீரில் கலப்பது இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. அல்பெண்டசோல் தண்ணீரில் கரையாது, அடியில் படியும். முதலில் குடித்த பறவைக்கு ஒன்றுமில்லாமலும் கடைசியில் குடித்ததற்கு அளவுக்கு மீறியும் போய்ச் சேரும். கத்திரி வெயிலில் ஒரு புறா குடிக்கும் நீரும் ஐப்பசி அடைமழையில் குடிக்கும் நீரும் ஒரே அளவாகவும் இருக்காது.

இதற்குமேல், மருந்தும் புழுவும் பொருந்த வேண்டும். பைப்பரசீன் பெரிய உருளைப்புழுவை வெளியேற்றும். மயிரிழை போன்ற கேப்பிலேரியாவை அசைக்காது. பிராசிகுவான்டெல் நாடாப்புழுவுக்கானது, உருளைப்புழுவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஐவர்மெக்டின் நாடாப்புழுவைத் தொடாது. லெவமிசோல் நல்ல மருந்துதான். ஆனால் குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவில் இடைவெளி குறைவு. கழிச்சலுக்குக் காரணம் காக்சிடியா என்ற ஒற்றைச்செல் உயிரியாக இருந்தால் இந்தப் பட்டியலில் எதைக் கொடுத்தும் பயனில்லை. எல்லாப் புழுவுக்கும் ஒரே மருந்து என்று விற்கப்படுவதை நம்பாமல் இருப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

சரி, எச்சத்தில் எதைத் தேடுகிறோம்? புழுவை அல்ல, புழுவின் முட்டையை. கோழியின் குடலில் வாழும் அஸ்காரிடியா கல்லி பெண்புழு 7 முதல் 12 சென்டிமீட்டர் வரை நீளும். புறாவுக்கும் கிளி வகைகளுக்கும் இதே குடும்பத்துப் புழுக்கள் தனித்தனியாக உண்டு. வளர்ந்த புழு பெரும்பாலும் குடலிலேயே தங்கிவிடும், வெளியே வருவது அரிது. முட்டைகள் அன்றாடம் எச்சத்தோடு வரும். ஒரு முட்டையின் நீளம் ஏறக்குறைய 80 மைக்ரான். பன்னிரண்டு முட்டைகளைத் தலையும் வாலுமாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் ஆகும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, எச்சத்தை அப்படியே தண்ணீரில் கரைத்து ஸ்லைடில் வைத்தாலும் குப்பைக்கு நடுவே கண்ணில் படுவது அரிது.

இங்கேதான் உப்பு உதவுகிறது. நெல் விதைக்கும் முன் உப்புநீரில் விதை தேர்வு செய்வது நம் உழவர்களுக்குத் தெரிந்த முறை. கோழிமுட்டை மிதக்கும்வரை தண்ணீரில் உப்பைக் கரைத்து விதைநெல்லைக் கொட்டினால் பதர் மேலே வந்துவிடும், திரண்ட விதை அடியில் நிற்கும். எச்சப் பரிசோதனையும் இதே கணக்கில்தான் நடக்கிறது. நமக்கு வேண்டியது மேலே வருவது என்பது மட்டும்தான் வேறுபாடு. உருளைப்புழு முட்டைகளின் ஒப்படர்த்தி ஏறக்குறைய 1.05-க்கும் 1.15-க்கும் இடையில் இருக்கும். வெறும் தண்ணீர் 1. அதில் முட்டை மூழ்கிவிடும். இனிமேல் கரையாது என்ற நிலைவரை உப்பிட்ட நீர் 1.20. அதில் முட்டை எழும்பி மேலே வரும், எச்சத்தின் கசடில் பெரும்பகுதி கீழே போகும்.

இந்த முறைக்கு நூறு வயது கடந்துவிட்டது. மனிதர்களின் கொக்கிப்புழு முட்டையைக் கண்டுபிடிக்க ஆஸ்திரேலிய மருத்துவ இதழ் ஒன்றில் வில்லிஸ் 1921-இல் இதை எழுதினார். இரண்டு ஆண்டு கழித்து ஷீத்தர் உப்புக்குப் பதிலாகச் சர்க்கரைக் கரைசலைப் பயன்படுத்தினார். அவர் பெயரில் இன்றும் ஆய்வகங்களில் அது புழங்குகிறது. 1939-இல் சிட்னியின் மெக்மாஸ்டர் ஆய்வகத்தில் கார்டனும் விட்லாக்கும் ஆட்டுப் புழுக்கையிலிருக்கும் முட்டைகளை எண்ணுவதற்குக் கட்டம் போட்ட கண்ணாடி அறை ஒன்றை வடிவமைத்தார்கள். அதுதான் மெக்மாஸ்டர் முறை. ஒரு கிராமுக்கு ஐம்பது முட்டைக்குக் கீழே இருந்தால் வழக்கமான மெக்மாஸ்டர் கணக்கில் அது தவறிப்போக வாய்ப்புண்டு. சோதிக்க நிறைய எச்சமும் வேண்டும். விரல் நீளப் பறவை வளர்ப்பவருக்கு மிதக்கவிட்டுப் பார்க்கும் பழைய முறையே பொருத்தம் என்பது என் எண்ணம்.

எச்சத்தைச் சேகரிப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. இரவில் பறவைகள் அடையும் கம்புக்குக் கீழே சுத்தமான தாளை விரித்துவிட்டு விடியற்காலையில் எடுத்துவிட வேண்டும். மணலிலும் மண்ணிலும் கிடந்ததை எடுத்தால் மண்ணில் இயல்பாக வாழும் புழுக்கள் அதில் ஏறியிருக்கும். அவற்றைப் பார்த்துப் பதற வேண்டியிருக்கும். பறவையின் எச்சம் மூன்று பொருள்களின் கலவை: கரும்பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும் மலம், வெள்ளையாகக் குழைந்த யூரிக் அமிலப் பகுதி, சுற்றிலும் கசியும் நீர். நமக்குத் தேவை கரும்பகுதி. வெள்ளையை எவ்வளவு ஒதுக்குகிறோமோ அவ்வளவு தெளிவாக ஸ்லைடு இருக்கும். புழு எல்லா நாளும் ஒரே அளவில் முட்டையிடுவதில்லை என்பதால் மூன்று நாள் எச்சத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலப்பது நல்லது. அதுவரை மூடியிட்ட டப்பாவில், சாப்பாட்டுப் பொருள் வைக்காத குளிர்பெட்டியில் வைக்கலாம். உறையவிடக் கூடாது, முட்டை நசுங்கி உருமாறிவிடும்.

அரை லிட்டர் வெந்நீரில் கல்லுப்பைக் கரைத்துக்கொண்டே வந்தால் ஏறக்குறைய 200 கிராம் போனதும் உப்பு அடியில் தங்க ஆரம்பிக்கும். ஆறிய பிறகும் கொஞ்சம் தங்கியிருந்தால் கரைசல் தயார். தூள் உப்பில் கட்டிதட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருட்களால் நீர் கலங்கும், அதனால் கல்லுப்பு மேல். இரண்டு கிராம் எச்சத்துக்கு முப்பது மில்லி கரைசல் விட்டுக் கட்டியில்லாமல் குழைத்து, இதற்கென்றே ஒதுக்கிய ஒரு டீ வடிகட்டியில் வடித்து, குறுகலான கண்ணாடிக் குழாயில் ஊற்ற வேண்டும். விளிம்புவரை ஊற்றினால் போதாது. விளிம்புக்கு மேலே நீர் சற்றுக் குமிழ்ந்து நிற்கும்படி கடைசித் துளிகளைச் சொட்டவிட்டு, அதன் மேல் கவர்ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடித் தகட்டைப் படியவிட வேண்டும். காற்று சிக்கினால் எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். பதினைந்து இருபது நிமிடம் அசைக்காமல் விட்டுவிட்டு, கவர்ஸ்லிப்பை நேராக மேலே தூக்கி, அதில் தொங்கும் துளியோடு ஸ்லைடில் இறக்கினால், முட்டைகள் இருந்தால் அந்தத் துளியில்தான் இருக்கும்.

அதிக நேரம் விட்டால் இன்னும் நிறைய முட்டை மேலே வரும் என்று எண்ணிக் காத்திருப்பது தவறாகிவிடும். செறிந்த உப்பு முட்டைக்குள்ளிருக்கும் நீரை உறிஞ்ச, ஓடு ஒரு பக்கம் குழிந்து, முட்டை அடையாளம் இழந்துவிடும். ஸ்லைடையும் உடனே பார்க்க வேண்டும். உப்பு சீக்கிரமே படிகமாகி, சதுரக் கட்டிகள் பார்வையை மறைத்துவிடும். இந்த அவசரம் பிடிக்காதவர்கள் ஷீத்தர் வழியில் போகலாம்: 355 மில்லி தண்ணீரில் 454 கிராம் சர்க்கரையை மெல்லிய சூட்டில் கரைத்தால் ஒப்படர்த்தி 1.27 வரும். முட்டை உருக்குலையாது, ஸ்லைடு நெடுநேரம் நிற்கும். பாகு பிசுபிசுப்பானது என்பதால் முட்டை மேலே வர அதிக நேரம் எடுக்கும்.

மைக்ரோஸ்கோப்பில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. லென்ஸை எந்த உயரத்தில் நிறுத்துவது? முட்டைகள் கவர்ஸ்லிப்பின் அடிப்பக்கத்தை ஒட்டி மிதக்கும். காற்றுக் குமிழிகளும் அதே இடத்தில்தான் இருக்கும். ஆகவே கருத்த கரையுள்ள ஒரு குமிழியைக் கண்டுபிடித்து அதன் விளிம்பைக் கூர்மையாக்கினால் முட்டை இருக்கும் தளத்துக்கு வந்துவிட்டோம் என்று பொருள். ஒளியைக் குறைத்துக்கொள்ள வேண்டும்; வெளிச்சம் அதிகமானால் ஒளி ஊடுருவும் ஓடுகள் கரைந்து மறைந்துவிடும். பத்து மடங்கு லென்ஸில் ஒரு மூலையிலிருந்து தொடங்கி, போய்வந்து வரிசை வரிசையாகக் கவர்ஸ்லிப் முழுவதையும் பார்க்க வேண்டும். சந்தேகமான இடத்தில் மட்டும் நாற்பது மடங்கு லென்ஸுக்கு மாறினால் போதும்.

அஸ்காரிடியாவின் முட்டை நீள்வட்டமாக, வழவழப்பான ஓட்டோடு இருக்கும். ஓரத்தில் ஓட்டின் தடிமன் இரட்டைக் கோடாகத் தெரியும். உள்ளே மணல் மணலாக ஒரு கருமையான திரள், முட்டையை ஏறக்குறைய நிறைத்துக்கொண்டிருக்கும். கோழிகளில் காணும் ஹெட்டராகிஸின் முட்டையும் இதே சாயல்தான். இரண்டையும் பிரித்தறிவது பழகிய கண்ணுக்கும் கடினம். கேப்பிலேரியாவுக்கு அந்தக் குழப்பம் இல்லை. அளவில் சிறியது, ஐம்பது மைக்ரான் சுமார். பழுப்பேறிய எலுமிச்சை வடிவம். இரண்டு முனையிலும் ஒளி ஊடுருவும் அடைப்பு ஒன்று. ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. இவற்றைவிடச் சிறிதாக, மெல்லிய ஓட்டுக்குள் ஒரு உருண்டை அமர்ந்திருப்பதாகத் தெரிந்தால் அது காக்சிடியா.

முட்டை போலத் தோன்றி ஏமாற்றுபவையும் நிறைய உண்டு. காற்றுக் குமிழி அப்பழுக்கற்ற வட்டமாக, உள்ளே எதுவுமில்லாமல் இருக்கும். மகரந்தத் துகள் முள்முள்ளாகவோ கட்டம் கட்டமாகவோ இருக்கும். கம்பும் தினையும் செரித்த மிச்சத்தில் வரும் செடித் தூவிகள் இளம்புழுவைப் போல வளைந்து கிடக்கும், ஆனால் குடலும் வாயும் உள்ளே தெரியாது. இறகைக் கோதும்போது பறவை விழுங்கிய செள்ளுகளும் அவற்றின் முட்டைகளும்கூட எச்சத்தில் வந்து நிற்கும். செள்ளின் முட்டை புழுமுட்டையைவிடப் பெரியது. உற்றுப் பார்த்தால் உள்ளே கால்கள் தெரியும். ஒரே வடிவம், ஒரே அளவு, பல இடங்களில் தென்படுகிறதா என்று பார்ப்பதே நல்ல வழி. ஒற்றை உருவத்தை வைத்து முடிவுக்கு வரக் கூடாது.

மைக்ரோஸ்கோப்புக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. கல்லூரி மாணவர்கள் பயன்படுத்தும் சாதாரணக் கருவி போதும். அதுவும் முடியாதவர்களுக்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மனு பிரகாஷும் அவருடைய குழுவினரும் 2014-இல் உலகுக்கு அறிவித்த ஃபோல்ட்ஸ்கோப் இருக்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர் அவர். தாளை மடித்துச் செய்யும் அந்த மைக்ரோஸ்கோப் சிறிய கண்ணாடி மணி ஒன்றை லென்ஸாகக் கொண்டு 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். புழுமுட்டைக்கு அது தாராளம். செல்போனை அதன் மேல் வைத்துப் படமும் எடுக்கலாம். அந்தப் படத்தின் அருமை மருத்துவரிடம் போகும்போது தெரியும்.

முட்டை கண்ணில் படவில்லை என்றால் புழு இல்லை என்று பொருளா? இல்லை. புழு குடலில் குடியேறி வளர்ந்து முட்டையிடும் பருவத்துக்கு வர நாளாகும். புறாவின் அஸ்காரிடியாவுக்கு அது சுமார் ஆறு வாரம். சந்தையில் வாங்கி வந்த புதுப் பறவையை முதல் வாரத்தில் சோதித்து, ஒன்றுமில்லை என்று மற்றப் பறவைகளோடு விட்டுவிட்டால், அதன் வயிற்றிலிருக்கும் இளம்புழுக்கள் அடுத்த மாதம் முட்டையிடத் தொடங்கும். புதுப் பறவையைத் தனியாக வைத்து, வந்ததும் ஒருமுறை, ஆறு வாரம் கழித்து ஒருமுறை பார்ப்பதே முறை. நாடாப்புழு முட்டைகளை இந்தச் சோதனை அடிக்கடி தவறவிடும். அவை புழுவின் துண்டுகளுக்குள் பொதிந்தே வெளியேறும். எச்சத்தின் மேல் நொய்யரிசி போல வெள்ளைத் துண்டு நெளிந்தால் அதைக் கண்ணாலேயே கண்டுகொள்ளலாம். எறும்பு, வண்டு, நத்தை போன்ற உயிர்களுக்குள் வளர்ந்த பிறகே நாடாப்புழு பறவைக்கு வரும் என்பதால், அது தெரிந்தால் கூண்டுக்குள் எறும்பு வரும் வழியையும் தேட வேண்டும். தொண்டையில் மஞ்சள் படலம் கட்டும் டிரைகோமோனாஸ் என்ற ஒற்றைச்செல் உயிரி உப்புநீரில் உருத்தெரியாமல் அழிந்துவிடும். அதற்குத் தொண்டையிலிருந்து எடுத்த ஈரத்தைச் சூடு ஆறுவதற்குள் பார்க்க வேண்டும். அது மருத்துவர் வேலை.

எல்லோரும் ஒரே அளவில் பயப்படத் தேவையில்லை. கம்பித் தளமுள்ள கூண்டில், வீட்டுக்குள் பிறந்து வளர்ந்த லவ் பேர்ட்ஸுக்குக் குடற்புழு வருவது அபூர்வம்; தன் எச்சத்தை மறுபடி மிதிக்கவோ கொத்தவோ அவற்றுக்கு வாய்ப்பில்லை. அவற்றுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்து கொடுப்பதில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. மண்தரைப் பறவையகங்களில் வாழும் காக்டெயில்களும், தரையில் இறைத்த தீனியைப் பொறுக்கும் புறாக்களும், கொல்லையில் மேயும் கோழிகளும்தான் சோதனைக்கு முதலில் வர வேண்டியவை. சிறிய கிளி வகைகளில் புழுக்கள் கற்றையாகத் திரண்டு குடலையே அடைத்துக் கொன்றுவிடும்.

எச்சத்தைக் கையாள்பவரின் உடம்பும் முக்கியம். பறவைகளின் அஸ்காரிடியா மனிதரைத் தொற்றாது. ஆனால் சிட்டகோசிஸ் என்ற நோய் தொற்றும். 1929-30-இல் தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறிய கிளிகள் வழியாக அது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பரவிப் பல உயிர்களைப் பறித்தது. சால்மொனெல்லா உண்டு, புறா எச்சத்தில் வளரும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை உண்டு, ஆண்டுக்கணக்கில் எச்சத்தூளைச் சுவாசிப்பவர்களுக்கு வரும் நுரையீரல் ஒவ்வாமை உண்டு. காய்ந்த எச்சத்தைச் சுரண்டாமல் முதலில் நீர் தெளித்து நனைக்க வேண்டும். முகக்கவசமும் கையுறையும் வேண்டும். சமையலறை மேடையில் இந்த வேலையே கூடாது. அங்கிருந்து எடுத்த கரண்டியும் வடிகட்டியும் திரும்பி அங்கே போகக் கூடாது.

முட்டை தெரிந்தால் மருந்துக் கடைக்கு ஓடாமல், படத்தையும் மிச்ச எச்சத்தையும் பறவையின் எடையையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். எந்தப் பறவை, எத்தனை கிராம், எந்தப் புழு என்ற மூன்றும் தெரிந்த பிறகே அவர் மருந்தையும் அளவையும் முடிவுசெய்ய முடியும். 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் நாமக்கல் கல்லூரியிலும் ஒட்டுண்ணியியல் துறையினருக்கு இந்த முட்டைகள் அன்றாடம் பழகியவை. மருந்து கொடுத்துப் பத்து முதல் பதினான்கு நாளுக்குள் அதே உப்புநீர்ச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். முட்டை குறையவே இல்லை என்றால் மருந்து சரியாக உள்ளே போகவில்லை, அல்லது புழு அந்த மருந்துக்குப் பழகிவிட்டது. அமெரிக்க வான்கோழிப் பண்ணைகளின் அஸ்காரிடியா பென்பெண்டசோலுக்குப் பழகிவிட்டதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். காரணமில்லாமல் திரும்பத் திரும்பக் கொடுக்கும் மருந்து தாங்கிப் பிழைக்கும் புழுக்களையே பெருக்கும்.

மருந்தோடு தரையையும் கவனிக்காவிட்டால் ஆறே வாரத்தில் பழைய இடத்துக்கு வந்து நிற்போம். எச்சத்தோடு விழும் முட்டை அப்போதே தொற்றாது. சூடும் ஈரமும் கிடைத்து உள்ளே இளம்புழு உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதற்குள் எச்சத்தை அள்ளி அப்புறப்படுத்திவிட்டால் அந்த முட்டைகள் வீண். பினாயில் அந்தத் தடித்த ஓட்டைத் துளைக்காது. கொதிநீரும், எச்சம் நீங்கிய பலகையில் படும் சுள்ளென்ற வெயிலும் துளைக்கும். மண்தரை என்றால் முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால் மேல்மண்ணை ஓரடி ஆழம் வெட்டி மாற்றுவதும், முடிந்தால் சிமெண்ட் போடுவதும் உதவும். தீனித்தட்டையும் தண்ணீர்க் கலத்தையும் அடையும் கம்புகளுக்கு நேர் கீழே வைக்காமல் தள்ளி, தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி வைத்துவிட்டு, ஆறாவது வாரம் மறுபடி ஒரு குழாயில் உப்புநீரை நிரப்புங்கள்.